உள்ளே போன அட்டை

அன்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அம்மா இருந்தாங்க. இப்போது எனக்கு மாமியாரான அத்தை இருந்தாங்க. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா இருந்தாங்க. மூலையில் நான்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் காலில் அட்டை. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. ரத்தம் கோடாக இறங்கியதைப் பார்த்தேன். அப்புறம் கையில் வேலை ஓடவில்லை.

அன்று வெள்ளைக்காரத் தொரை காலம். நான் கொழுந்தெடுக்கப் போன முதல் வருசம். மழையில் மலையிலிருந்து இறங்கும்போது பாவாடையில் ரத்தம். காலெல்லாம் தேடினேன், அட்டை இல்லை. உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். அட்டைக்கு உப்புதானே மருந்து. கரைத்துக் குடித்தேன். வாந்தி வந்தது. மறுபடியும் குடித்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"சட்டியில உப்பு எங்கடி?" அம்மா கேட்டாங்க.

"அட்டை உள்ள போயிருச்சும்மா. செத்துப்போயிருவேனா?"

மாரியாயி அக்கா சிரிச்சிட்டாங்க. "அட்டை இல்லடி, நீ பெரிய மனுசி ஆயிட்ட!"

"அப்படின்னா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது" என்று அத்தை மூலையில் உட்கார வைத்தாங்க. ராத்திரி முழுக்க வயிற்றுக்குள் அட்டை நெளிந்தது.

மகள் காலைக் கழுவினேன். "இது அட்டை கடிச்ச ரத்தம். பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னொரு ரத்தம் தானா வரும். நோவு இல்ல, பயப்படாத."

"ஏம்மா வருது?"

"பின்னாடி புள்ள பெத்துக்க உடம்பு தயாராகுது."

அடுப்படியிலிருந்து அத்தை சத்தம் போட்டாங்க. "என்ன பேச்சு இது? அவளுக்கு வயசு என்ன?"

ஒன்பது.