ரஷ்ய நையாண்டிக்காரர்களும் எங்கள் உதவித் துணை மேற்பார்வையாளரும்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் வந்த நையாண்டிப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆங்கிலத்தில் கிடைத்த கட்டுரைகளை ஃபோனில் இறக்கிவைத்து, லாரி வராத நேரங்களில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குறிப்பெடுப்பேன்.

அந்தப் பத்திரிகைகளைவிட அவற்றில் எழுதியவர்கள்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தார்கள். படிப்பைப் பாதியில் விட்ட மாணவர்கள், மொழிபெயர்த்துப் பிழைத்தவர்கள், பகலில் அரசாங்க ஆபீசில் மனு நகலெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அதே ஆபீசைக் கிண்டல் செய்தவர்கள். ஒருவருக்கே நாலைந்து புனைபெயர்கள் இருந்தன. தணிக்கை அதிகாரி கோடு கிழித்துவிடுவார் என்று பயந்து, உள்ளூர்ச் சங்கதியை எழுதிவிட்டு வெளிநாட்டுக் கவிதையின் மொழிபெயர்ப்பு என்று போட்டார்கள். ஒருவருக்கொருவர் உறவுக்காரர்களான சிலர் சேர்ந்துகொண்டு, தன்னைப் பெரிய கவிஞனாக நினைத்துக்கொள்ளும் ஓர் அசட்டு அதிகாரியை உருவாக்கி, அவன் பெயரிலேயே வருஷக்கணக்கில் எழுதினார்கள்.

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமில் சொன்னேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். இன்னொருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கார்பென்டர். பலகையில் அளவு போடுகிற பென்சிலால் அருமையாகப் படம் வரைவார்.

"நமக்கும் அப்பிடி ஒரு ஆளு வேணும் மக்கா," என்றார் நர்ஸ்.

அன்று மாலைக்குள் ஆள் தயாராகிவிட்டார். உதவித் துணை மேற்பார்வையாளர் என்ற பதவியை அவருக்குக் கொடுத்தோம். எதற்கும் சுற்றறிக்கை விடுவார். தும்முவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பது அவருடைய முதல் உத்தரவு. நான் எழுத, நர்ஸ் திருத்த, கார்பென்டர் படம் போட்டார். ஒரே தாள், பின்னும் முன்னுமாக அச்சிட்டு மெஸ்ஸில் விட்டோம். மறுநாள் அதைப் படமெடுத்து வேறு கேம்ப்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் ஆட்கள் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்ததை, முதுகைக் காட்டி நின்றபடி கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் மறுக்க மாட்டேன்.

முதல் தாள் யாரையும் குறிக்கவில்லை. இரண்டாவதுக்கு உட்கார்ந்தபோது, யாரை எழுதலாம், யாரை எழுதக் கூடாது என்ற பேச்சு வந்தது. இந்த நாட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. முதலாளி, ப்ராஜெக்ட் மேனேஜர் இருவரையும் தொடக் கூடாது. ஃபோர்மேன் கோபக்காரர்; தெரிந்தால் டூட்டியில் பழிவாங்குவார். இப்படி ஒவ்வொருவராகக் கழித்து வந்ததில் மிஞ்சியவர் சேஃப்டி ஆபீசர் ஒருவர்தான். மயிலாடுதுறைக்காரர், ஐம்பது வயதை நெருங்கியவர். கழுத்தில் விசில். வெயில் காலத்தில் மதிய இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்பே விசிலடித்து எல்லோரையும் கீழே இறக்கி, உப்புக் கரைத்த தண்ணீரைத் தன் கண்முன்னால் குடிக்க வைப்பார்.

"தண்ணீர் அருந்துதல் குறித்த சுற்றறிக்கை" என்று எழுதினேன். முதல் வாயை மேற்பார்வையாளர் முன்னிலையில் அருந்த வேண்டும். இரண்டாவது வாய்க்கு விண்ணப்பம் தர வேண்டும். விழுங்கும் ஓசை விசில் ஓசையை மிஞ்சக் கூடாது. கார்பென்டர் படத்தில் விசிலை வரைந்தார். பெயர் எங்கும் இல்லை. ஆனால் சைட் முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "உதவித் துணை வர்றாருடா" என்பார்கள். அவர் காதில் விழாதது போல நடந்துபோவார்.

ஆகஸ்டில் ஒரு நாள், விசிலடித்த பிறகும் ராமநாதபுரத்துக் கம்பி கட்டுகிறவர் ஒருவர் மேல்தளத்திலேயே இருந்தார். ஃபோர்மேன் முடிக்கச் சொன்ன வேலை கொஞ்சம் மீதம். சேஃப்டி ஆபீசர் ஏறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார்.

"முதல் வாய் உங்க முன்னாடிதான் குடிக்கணுமா சார்? விண்ணப்பம் எழுதிக்கிட்டு வாரேன்," என்றிருக்கிறார் அவர். கீழே நின்றவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வழக்கமாகக் கையைப் பிடித்து இழுத்து வருகிறவர், அன்று தனியாகவே இறங்கி வந்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் அந்த ஆள் கம்பிகளின் மேலேயே விழுந்தார். தூக்கி வந்தவர் சேஃப்டி ஆபீசர்தான். கிளினிக்கில் ஐஸ் வைத்து, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மூன்று நாள் நினைவு தெளியவில்லை. பிறகு பிழைத்துக்கொண்டார்.

மேல்தளத்தில் நடந்த பேச்சை நர்ஸ் அன்றே, அவரோடு கூடத் தூக்கி வந்த ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"நீ எழுதுன வரியத்தாம்டே அவன் சொல்லியிருக்கான்," என்றார். பிறகு, "நாம எழுதுனது," என்று திருத்திக்கொண்டார்.

நான்காம் நாள் காலை சேஃப்டி ஆபீசரின் கேபினுக்குப் போனேன். ஹெல்மெட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத எழுதினது நான்தான் சார்."

"தெரியும் தம்பி. ஸ்டோர் பிரிண்டர்ல இடது ஓரம் கறுப்புக் கோடு விழும். உங்க டெலிவரி நோட்டுலயும் அதே கோடுதான்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நான் அப்படி இல்லைன்னா? எட்டு வருஷம் மேசன் வேலை பாத்துட்டு, அப்புறம் படிச்சு எழுதி இந்த விசிலுக்கு வந்தேன். என் கண்ணு முன்னாடி ஒருத்தன் வெயில் தாங்காம செத்துப் போயிட்டான். அதனாலதான் நின்னு குடிக்க வைக்கிறேன்." கையிலிருந்த ஹெல்மெட்டை அடுக்கில் வைத்தார். "இத்தனை பேர் இருக்க, ஏன் என்னைய?"

"உங்கள எழுதினா எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும் சார்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "அன்னைக்கு நான் கீழ இறங்கியிருக்கக் கூடாது," என்றார். "சிரிச்சாங்கன்னு இறங்கிட்டேன். அது என் தப்பு."

மூவரும் கூடிப் பேசினோம். எழுதியது யார் என்று மெஸ்ஸில் ஒட்டிவிடலாம் என்றேன். கார்பென்டருக்கு ஊரில் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "என் பேரு வேணாம்ணே," என்றார். நர்ஸ் தன் பெயரைப் போடச் சொன்னார், நான் போடவில்லை. விசிலடித்தால் இறங்குங்கள், சுற்றறிக்கை நான் இட்டுக்கட்டியது, அவரைப் பற்றி எழுதியது தவறு என்று நாலு வரி எழுதி, கீழே என் பெயரைப் போட்டு ஒட்டினேன். யாரும் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஆபீசில் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அஜ்மானில் இருந்த வேறு ஸ்டோருக்கு மாற்றினார்கள். "உதவித் துணை" என்ற பெயர் மட்டும் சைட்டில் போகவில்லை என்று நர்ஸ் பிறகு ஃபோனில் சொன்னார். ஆனால் ஆட்கள் விசிலுக்கு இறங்குகிறார்களாம்.

அஜ்மானில் வேலை குறைவு. குறிப்புகளை மறுபடி எடுத்தேன். ரஷ்யாவிலும் மந்திரிகளைத் தொட முடியாத இடத்தில் கடைநிலைக் குமாஸ்தாவும் மூலைத்தெருப் போலீஸ்காரனும்தான் அகப்பட்டார்கள் என்று பல மாதங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். அதைத் தணிக்கையை ஏமாற்றிய சாமர்த்தியம் என்று பாராட்டியும் இருந்தேன். அந்தப் பத்தியை அடித்தேன். தன்னைப் பற்றிய கிண்டலைப் படித்துவிட்டு மறுநாள் ஆபீசுக்குப் போன குமாஸ்தா ஒருவர் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கிடைத்த கட்டுரைகளிலெல்லாம் தேடினேன். எழுதியவர்களின் கடிதங்கள் கிடைக்கின்றன, தணிக்கைக்காரர்களின் நாட்குறிப்புகூட இருக்கிறது. குமாஸ்தாவுடையது ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. புத்தகம் அந்த அத்தியாயத்தோடு நிற்கிறது.