சங்கிலிக்கு வற்றாத கட்டி

கன்னத்தில் வீங்கினாலும் கழுத்தில் வீங்கினாலும் மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே பெயர்தான்: பொன்னுக்கு வீங்கி. உடம்பு பொன்னுக்கு ஏங்கி வீங்குகிறதாம். தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடுமாம். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். அது தானாகவே வற்றுகிற வீக்கம். பெயரைத் தங்கம் தட்டிக்கொண்டு போகும்.

அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, அத்தான் வேலை பார்த்த அதே ரயில்வே பட்டறைக்கு நானும் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கட்டி வந்தபோதும் சங்கிலிதான் வந்தது. வீட்டில் குந்துமணி தங்கம்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். கட்டி மட்டும் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக அப்படியே இருந்தது.

"இது மெல்லிசு, பத்தாது. கனமா ஒன்னு போடுங்க" என்றாள் இன்னொருத்தி. கிளாங்கில் இருந்த சொந்தக்காரர் வீட்டிலிருந்து இரட்டை வடச் சங்கிலி இரவலாக வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சங்கிலியைத்தான் பார்த்தார்கள். கட்டி அதன் அடியில் சௌகரியமாக வளர்ந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சாத்தானே பயப்படணும். போடா."

பிறகு குரல் கம்மியது. தெருமுனையில் விளையாடும் பிள்ளைகளை வாசலிலிருந்தே கூப்பிடுகிறவள், கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தாள். அப்போதுதான் அத்தானுக்குப் பயம் வந்தது. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வெள்ளைக்கார டாக்டர் சங்கிலியை விரலால் ஒதுக்கிவிட்டு அமுக்கிப் பார்த்தார். அவருக்கு உதவியாக இருந்த தமிழ் டிரஸ்ஸர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார்: "புத்துங்க. மூச்சுக்குழாயைப் பிடிச்சிருச்சு. இனிமே கத்தி வைக்க முடியாதாம்."

திரும்பி வந்த எங்கள் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சங்கிலியைத் தானே கழற்றி என்னிடம் நீட்டினாள். "பத்திரமா கொண்டுபோய்க் குடுத்துரு." அந்தத் தங்கத்தைச் சாக்கடையில் எறிய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டிலேயே மூச்சுத் திணறிப் போய்ச்சேர்ந்தாள். சாவைப் பதிய அத்தானும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மலாய்க்காரப் போலீஸ்காரர் என்ன நோய் என்று கேட்டார். புற்றுக்கு மலாயில் என்ன சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அத்தான் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு விம்மினார். போலீஸ்காரர் இரக்கப்பட்டு அவரே எடுத்துக்கொடுத்தார்: "டெமாம்?" காய்ச்சலா என்று கேட்கிறார். அத்தான் தலையாட்டினார். போலீஸ்காரர் அதையே எழுதிக்கொண்டார். வந்த வேலை முடிந்தது.

அந்தக் கட்டிக்கு இப்போது தைராய்டு புற்று என்று பெயர் சொல்கிறார்கள். "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? இப்பத்தான் பெருகிப்போச்சு" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். பெருகியும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கில் என் அக்கா காய்ச்சலில் செத்தவள். அவளுக்கு ஒரு நாளும் காய்ச்சல் அடிக்கவில்லை.