பருத்தித்துறை பஸ்சில் ஜேர்மன் படித்தேன்

நாளைக்கு ஜேர்மன் பரீட்சை. பாஸ் பண்ணினால்தான் ஜேர்மனியில் இருக்கிற கணவரிடம் போக விசா கிடைக்கும்.

இன்று பருத்தித்துறை பஸ்சில், யன்னலோரம் நெரிபட்டபடி, "இஹ் கோமெ, டு கோம்ஸ்ட்" என்று 'வா'வுக்கான ஜேர்மன் சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த அன்ரி கேட்டார். "கலியாண எழுத்து முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அன்ரி, பதிவு முடிஞ்சுது."

"என்ரை மகளும் உப்பிடித்தான் பாடமாக்கிப் பாஸ் பண்ணிப் போனவள்."

"இப்ப நல்லா ஜேர்மன் கதைப்பா என்ன?"

"ஆரோடை கதைக்கிறது? மருமோன் வேலைக்குப் போனால் தனியத்தான். ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுத்து அழுவாள். நீ படி பிள்ளை, நிப்பாட்டாதை."

எழும்பி ஓடவும் இடமில்லை. படித்தேன்.

'வா', 'போ', 'சாப்பிடு' எல்லாம் படிப்பித்த ரீச்சர் 'அழு'வை இன்னும் படிப்பிக்கவில்லை. அங்கே இருக்கிற அக்காமார் யாராவது சொல்லித் தாருங்கள்.