புதிய நகரத்துக்குப் பழையது எது?

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி திங்கள் காலை, மார்க்கம் நகரில் எங்கள் அலுவலகக் கார் தரிப்பிடத்தில் எனக்கு வந்தது. அவருடைய தங்கை அழைத்துச் சொன்னார். உங்களில் பலர் அவரை மல்வேர்ன் பஸ்ஸிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் ஐந்து வருடமாகப் பக்கத்து மேசை. பழங்கால நகரங்களின் கணினி வரைபடம் ஒன்றைச் செய்தோம். நிரல் என்னுடையது, பெயர்கள் அவருடையவை.

முதல் வருடமே சண்டை. ஒரே பெயருள்ள பதிவுகளை இணைக்க ஒரு நிரல் எழுதி ஓடவிட்டேன். அடுத்த நாள் அக்கா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, ஸ்பெயினில ஒரு துறைமுகத்தைக் காணேல்லை. உம்மட புரோகிராம் தூக்கித் துனிசியாவில வச்சிருக்கு.”

“ரெண்டுக்கும் ஒரே பேர்தானே அக்கா.”

“தாய்க்கும் மகளுக்கும் ஒரே பேர் வச்சா ஒரே ஆளோ?”

துனிசியாவின் கார்த்தேஜுக்குப் பினீசிய மொழியில் கர்த் ஹதஷ்த் என்று பெயர். புதிய நகரம் என்று பொருள். உரோமர் வாயில் அது கார்த்தாகோ ஆனது. கார்த்தேஜ்காரர் ஸ்பெயினில் அமைத்த துறைமுகத்துக்கும் அதே பெயரையே வைத்தார்கள். உரோமர் அதைப் பிடித்து ‘புதிய கார்த்தாகோ’ என்றார்கள். அதாவது, புதிய புதிய நகரம். இன்று அது கார்த்தஹேனா. நான் சிரித்துவிட்டு இரண்டையும் பிரித்தேன்.

அக்கா அதோடு விடவில்லை. “புதுசு எண்டால், பழசு எது?”

ஒவ்வொரு பதிவிலும் ‘மூத்த நகரம்’ என்று ஒரு பெட்டி உண்டு. கார்த்தேஜை நிறுவியவர்கள் லெபனானின் தீர் நகரத்தார் என்பதால் அதையே போட்டேன். அவர் அழித்தார்.

“அங்கயிருந்து வந்தவை, சரி. பேர் வைக்கேக்க அதைத்தான் நினைச்சவையோ? பக்கத்தில உத்திக்கா எண்டொரு நகரம் இருந்தது. அந்தப் பேருக்கே பழசு எண்டுதான் அர்த்தம் எண்டு சொல்லினம்.”

“அக்கா, வெள்ளிக்கிழமை வெளியிடவேணும். பெட்டி காலியா இருந்தா புரோகிராம் ஏற்காது. ஏதாவது ஒண்டைப் போடுங்கோ.”

“தெரியாது எண்டுறதும் ஒரு விடை. அதுக்கு இடமில்லை எண்டால் பிழை புரோகிராமில.”

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபின் நான் மீண்டும் ‘தீர்’ என்று போட்டு வெளியிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டார்: “கார்த்தேஜ் இன்னும் காலியோ?” ஓம் என்றேன். அது பொய்.

இறந்த செய்தி வந்த அந்தத் திங்கள், மேலே அலுவலகத்துக்குப் போய் முதலில் நிரலைத் திருத்தினேன். அரை மணித்தியால வேலை. ஐந்து வருடமாக நான் செய்யாமல் விட்டது அதைத்தான். இப்போது அந்தப் பெட்டியில் ‘தெரியவில்லை’ என்று இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய கேள்வி. விடை தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் அழித்துவிடுவேன்.