நேர்காணலின் நடுவில் விழுந்த அடி

கல்லூரி முடித்த வருடம், பெர்லினில் இருந்த ஒரு சிறிய ஸ்டார்ட்அப் கம்பெனி என்னை வீடியோவில் நேர்காணல் செய்தது. வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையற்கட்டில்தான். பாதியில் அண்ணன் நுழைந்தான். எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தவன் அவன்தான்.

"பொட்டப்புள்ளைக்கு வெளிநாட்டு வேலை கேக்குதா?" என்று கத்தியபடி லேப்டாப்பைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். தடுத்த என்னை முடியைப் பிடித்து இழுத்து சமையல் மேடை விளிம்பில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி அவன் கை ஓங்கியபோது, வாசலிலிருந்து விறகுக்கட்டையோடு ஓடிவந்த அம்மா அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"போனை எடுத்துக்கிட்டு காட்டுக்கு ஓடு. பேசி முடிச்சுட்டு வா," என்றாள் அம்மா.

எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் நின்று, கேமராவைப் போடாமல் மறுபடி இணைந்தேன். இணைப்பு அறுந்துவிட்டதா என்று நேர்காணல் செய்த பெண் கேட்டாள்.

"இல்லை, என்னை அடித்தார்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்," என்றேன்.

அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று மாவுக்கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வாசலில் நின்றான். அவனிடம் நான் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.