அரிமளத்தில் கொப்பேர் மரம்

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தேன். சர்ச்சில் மணி அடிப்பவர் போன் செய்து, "ஐயா தவறிட்டாருங்க" என்றார். "எந்த ஐயா?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவது ஐயாவாக இருந்துவிடக் கூடாதா என்றுதான்.

போதகர் ஞானமுத்து ஐயாவைப் பற்றிச் சபையாரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஐந்தாவது படித்த மரவேலைக்காரன், கும்பிடுவது அய்யனாரை. சர்ச்சுக்கு ஜன்னல் மாட்ட வந்தேன். வேலை முடிந்த பிறகும் அவரோடு வம்பளக்கவே வந்துகொண்டிருந்தேன்.

ஜன்னல் மாட்டிய அன்றுதான் கேட்டார். "ஏம்ப்பா சின்னையா, நோவா பெருமழையில தப்பிக்கப் பேழை செஞ்ச மரத்துக்குக் கொப்பேர்னு பேரு. அது என்ன மரம்?"

"அவரு எங்கிட்ட சொல்லிட்டா செஞ்சாருங்க?"

சிரித்துவிட்டு விளக்கினார். வேதம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறதாம். பெயர் ஒத்துப்போவதால் அது சைப்ரஸ் மரம் என்பார் சிலர். தண்ணீர் புகாமல் இருக்கப் பேழைக்குப் பூசச் சொன்ன கீலுக்கு எபிரேயத்தில் கோஃபெர் என்று பெயர், அதனால் கீல் பூசிய பலகையாக இருக்கலாம் என்பார் வேறு சிலர். "மொழிபெயர்த்தவங்களுக்கும் பிடிபடல. அதான் எபிரேயச் சொல்ல அப்படியே விட்டுட்டாங்க" என்றார். பல வருடமாக அது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மறுவாரம் ஒரு பலகைக்கு வார்னிஷ் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தூத்துக்குடிக்குக் கப்பல்ல வந்த சரக்குங்க. கொண்டாந்தவனே கொப்பேர்னுதான் சொன்னான்."

"நெசமாவா?"

"மரத்து மேல சத்தியமா."

அவர் பலகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சும்மா சொன்னேன் என்று நாளைக்குச் சொல்லிவிடலாம் என வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறே அது சர்ச்சுக்குப் போய்விட்டது. நோவா பிரசங்கம் வருகிற போதெல்லாம் அதை எடுத்துக் கைமாற்றிக் காட்டுவாராம். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? தொண்டை வரை வரும், வாயைத் திறந்தால் கேலிதான் விழும். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "பலகை விரிசல் விடுதுப்பா" என்றார். "பெருமழைக்கு ஏங்குதுங்க" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அன்றைக்கும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஐயா வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பலகை தைலமரம்மா. நம்ம அரிமளம் காட்டுல வெட்டுனது. ஐயாவ ஏமாத்திட்டேன்."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "அவரு ஒருநாளும் அது கொப்பேர்னு சொன்னதில்லையே. 'கொப்பேர்னு சின்னையா சொல்றாரு, எனக்குத் தெரியாது'ன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு."

"சபையில நம்புனாங்களாம்மா?"

"ஒங்க பேரச் சொன்னா நம்பாம இருப்பாங்களா?"

அவர் ஏமாறவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் சொன்னதை நான் சொன்னதாகவே சொல்லியிருக்கிறார். பொய் முழுக்க என் பெயரிலேயே இருந்திருக்கிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. பொன்னமராவதியில் வேலை இருக்கிறது என்று பஸ் ஏறி, அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உங்கள் முன்னால் நின்று நான் உண்மையைச் சொன்னதைக் கேட்டீர்கள். அவர் காதில் விழ வேண்டியது உங்கள் காதில் விழுந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அப்ப எதுதான்யா கொப்பேரு?" என்றார். தேக்கு, வேங்கை, சந்தனம் என்று நாக்கில் வரிசையாக வந்து நின்றன.

"தெரியாதுங்க" என்றேன்.

மரத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் முப்பது வருடமாக ஒரு பதில் வைத்திருந்தவன் நான். ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.