மக்காச்சோளத்தின் மூக்கு

யுத்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்து மக்காச்சோளம் போட்டார்கள். இடித்துக் களி கிண்டினால் மணலை மென்ற மாதிரி இருக்கும். பல் போன என் மாமனாருக்கு ஒரு வாய் இறங்காது. துப்பிவிடுவார்.

எனக்கு விடாப்பிடிக் குணம். ஒரு மணியைப் பிளந்து பார்த்தேன். ஓரத்தில் கண்ணாடி மாதிரி கெட்டி மாவு, நடுவில் பொலபொலவென்று வெள்ளை மாவு, அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு முளை விடுகிற மூக்கு. கெட்டி மாவு குருணையாக நின்றுவிடும். அதுதான் தொண்டையை அறுத்தது. மூக்கோடு இடித்த மாவோ நாலே நாளில் எண்ணெய் காறிக் கசந்துபோகும். ஆகவே தண்ணீர் தெளித்து லேசாகக் குத்தி, மூக்கைப் புடைத்து எறிந்தேன். குருணையைத் தனியே ஊறவைத்து வேகவிட்டு, பொடி மாவைப் பிறகு கரைத்து ஊற்றினேன். களி வெண்ணெயாக இறங்கியது. கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மதுரையில் வாத்தியார் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. பட்டாளத்தில் இருந்த கணவரும் போய்ப் படி என்று எழுதிவிட்டார். மாமியார்தான் அசையவில்லை.

"நீ கிண்டுனாத்தான ஒங்க மாமாவுக்கு எறங்குது. எனக்கு உலக்கை புடிக்கக் கை ஏலாது. அவிய பட்டினி கெடக்கவா?"

தெருமுனையில்தான் மதுரை பஸ் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டாலே உலக்கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். சேர இன்னும் பத்து நாள். என் களியும் இறங்காது என்று ஆகிவிட்டால் என்னைப் பிடித்து வைக்க என்ன காரணம் இருக்கும்? மூக்கை எடுக்காமல் இடித்து, மாவை அடுப்பை ஒட்டிப் பானையில் வைத்தேன்.

நாலாம் நாள் மாவில் சிக்கு வாடை அடித்தது. குருணையையும் ஊறவைக்காமல் கிண்டிக் கொடுத்தேன். மாமனார் ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. துப்புவார் என்று காத்து நின்றேன். விழுங்கினார்.

"எறங்குதா?" புழக்கடையிலிருந்து மாமியார் கேட்டார்.

"வழுக்கிட்டுப் போவுது" என்றார் மாமனார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டிட்டு வேற கிண்டிரு தாயி. கசக்குன்னு தெரிஞ்சா ஒங்க அத்தை உன்னை அனுப்பிருவா. பொறவு எனக்கு யாரு இருக்கா?"

ஆத்திரம் பொங்கியது. களி கசக்கிறது என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவர் தொண்டையைத் தடவிக்கொண்டே, கண்ணில் நீர் முட்ட அடுத்த உருண்டையையும் விழுங்கினார்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் போய் மூக்கை எடுக்க மணியில் தண்ணீர் தெளித்து உரலில் கொட்டினேன்.